வேண்டாததை விட்டு வரைந்தவர்

அவருக்குத் தமிழில் முதலில் வாயில் ஏறிய வார்த்தை 'வேணாம்'. வணக்கம், தண்ணி, எவ்வளவு என்று மற்ற வெள்ளைக்காரர்கள் முதலில் கற்றுக்கொள்வதையெல்லாம் அவர் பிறகுதான் கற்றுக்கொண்டார். அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை. 'வேணாம்' மட்டும் நம்ம ஊர்க்காரன் மாதிரி சுத்தமாக வரும். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் கைக்கடிகாரத்தைக் காட்டி வேணாம் என்பார். மூக்குக்கண்ணாடியைக் காட்டி வேணாம். சட்டைப்பையில் செருகிய பேனா வேணாம். ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் வளையல், முகத்தில் அப்பிய பவுடர், எதுவும் வேணாம். படம் வரைகிறவர் அவர். ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் அங்கங்கே இருக்கிற ஜனங்களை வரைகிறவர்.

எங்களுடையது சாமி படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிற கடை. தேரடியை ஒட்டின சந்தில் அத்தா காலத்திலிருந்து இருக்கிறது. "அண்ணாமலையாருக்கு நம்ம குடும்பம் போட்ட சட்டத்தையெல்லாம் வரிசையா வெச்சா மலையைச் சுத்தி வந்துடும்டா" என்று அத்தா சொல்லுவார். தொழுகிற வீடு என்பதால் எங்கள் வீட்டில் மட்டும் ஆள் படம் எதுவும் மாட்டுவதில்லை. எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் என்று ஞாபகம். எனக்கு முப்பது தாண்டியிருந்தது, கடை என் கைக்கு வந்திருந்தது. துணி இழுத்துக் கட்ட நாலு பக்கமும் மரச்சட்டம் வேண்டும் என்று அவர் வந்து நின்றார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். ஐம்பது வயசு இருக்கும். உயரமான ஆள். எங்கள் கடை வாசலில் மூன்று முறை தலையை இடித்துக்கொண்ட பிறகு குனிந்தே வர ஆரம்பித்தார். என் பள்ளிக்கூட இங்கிலீஷை வைத்து அவரோடு நன்றாகவே ஒப்பேற்றினேன். அதனால் அவருக்குத் தச்சனும் நானே, துபாஷியும் நானே, ஆள் பிடித்துக் கொடுக்கிறவனும் நானே என்று ஆகிவிட்டது.

ஒருநாள் ஒரு சுருள் துணிப்படங்களைக் கொண்டுவந்து என் பலகைமேல் விரித்தார். அதற்கு முன் சுற்றின நாடுகளில் வரைந்தவை. நேபாளத்து மூட்டை தூக்கிகள், ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊர்ப் பெண்கள், காபூல் சந்தைக் கிழவர்கள். கையில் தொழில் இருந்தது மனுஷனுக்கு, அதை மறுக்க முடியாது. நரம்பு புடைப்பது தெரியும், உதட்டு வெடிப்பு தெரியும். ஆனால் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. எந்த நாட்டு ஆளாக இருந்தாலும் ஒரே மாதிரி வெறுங்காலோடு, ஒரே மாதிரி தூரத்தில் எதையோ வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காபூல் கிழவரின் இடது மணிக்கட்டில் மட்டும் ஒரு விரலகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. இது என்ன சார் என்று கேட்டேன். கடிகாரத்தைக் கழற்றச் சொன்னேன் என்றார். கடிகாரத்தை விட்டுவிட்டு அதன் தடத்தை அப்படியே வரைந்திருக்கிறார். அவருடைய கைக்குப் பொய் சொல்ல வராது, புத்திக்குத்தான் வரும் என்று அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நல்ல மனுஷன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே பொறுக்காது. அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் காலில் புண்ணோடு ஒருவன் கிடந்தான். ஈ மொய்க்கும். எங்கள் ஊர்க்காரர்கள், நான் உட்பட, மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தாண்டைப் பக்கமாகப் போவோம். இவர் தினமும் காலையில் வெந்நீர் கொண்டுபோய், தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக் கழுவி மருந்து போட்டுக் கட்டுவார். ஒன்றரை மாசம் ஒருநாள் தவறாமல் செய்தார். அவனை நாலு படம் வரைந்தார். புண் ஆறிவிட்டது. ஒரு லாட்ஜில் அவனுக்கு வாட்ச்மேன் வேலையும் கிடைத்தது. புதுக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அவரைத் தேடி என் கடைக்கே வந்து, அட்டென்ஷனில் நின்று சலாம் வைத்தான். அவர் அந்தச் சட்டையைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுச் சட்டத்தின் மூலையைத் தடவிப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவன் போன பிறகு என்னிடம், "இனிமேல் அவனை வரைய முடியாது" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். செத்துப்போனவனைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

எங்கள் ஊரிலோ படம் என்றால் வேறு சங்கதி. படம் பிடிக்கப் போகிறவன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பக்கத்து வீட்டில் வாட்ச் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போவான். ஸ்டூடியோவில் ஒரு கோட்டும் ஒரு டெலிபோனும் எப்போதும் தயாராக இருக்கும். ஒரு படம்கூட எடுக்காமல் செத்துப்போனவர்களை ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கே போய்ப் படம் பிடித்துவருவார். டச்சிங் செய்கிறவர் அந்த மூடின கண்ணைப் பிரஷ்ஷால் திறந்துவைப்பார், வெற்று மார்புக்கு ஒரு சட்டை போட்டுவிடுவார், பெண்பிள்ளையாக இருந்தால் கழுத்துக்கு ஒரு அட்டிகை. நான் சட்டம் போட்டுக் கொடுப்பேன். சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டு, அப்படியே இருக்காரு என்று அழுதுகொண்டே போவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் அவர் போய் வேணாம் வேணாம் என்றால் எவன் உட்காருவான்? முடிவெட்டுகிற ஒருவர் சலவைச் சட்டையோடு போய் உட்கார்ந்தார். சட்டை வேணாம் என்றார் இவர். முடிவெட்டுகிறவர் பட்டென்று எழுந்துவிட்டார்.

"பொணத்துக்குத்தான் பாய் இப்படி ஒவ்வொண்ணா கழட்டுவாங்க. உயிரோட கீறவன எதுக்குக் கழட்டச் சொல்றாரு? கேட்டுச் சொல்லு" என்று என்னிடம் சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு மாசம் ஆளே சிக்கவில்லை. அவர் முகம் சுண்டிப்போய் என் கடையில் உட்கார்ந்திருப்பார். அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "சார், அவங்க எப்படி வராங்களோ அப்படியே உக்காரட்டும். எதையும் கழட்டச் சொல்லாதீங்க. எங்க டச்சிங்காரர் இல்லாத சட்டையைப் போடறாரு இல்ல, அதே மாதிரி நீங்க இருக்கறத விட்டுட்டு வரைங்க. பிரஷ் உங்க கையில தானே இருக்கு" என்று யோசனை சொன்னேன். அவர் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்த யோசனைக்கு முதல் பலி நானேதான். நன்றிக்காக என்னை வரைந்தார். நான் டெரிலின் சட்டை போட்டு, முகத்தை மழமழவென்று சிரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படத்தில் எனக்குத் தொப்புள் வரைக்கும் தாடி. தலையில் தலைப்பாகை, கையில் தஸ்பி மணி. என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "யாருங்க இந்தப் பெரியவரு, ஒங்க பாட்டனாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். தாடி இல்லாத பாய் அவர் கணக்கில் பாயே இல்லை போலிருக்கிறது, போகட்டும், எனக்கென்ன குறைந்துவிட்டது என்று நினைத்தேன். படத்தைக் கடையில் பலகைகளுக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

அடி அண்ணாமலையிலிருந்து பச்சையம்மாக்கா டவுனுக்கு வரும். ஐம்பதை நெருங்கின பொம்பளை. பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்கு வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்கும். மற்ற நாளில் கழனி வேலை. புருஷன் இல்லாமல் ஒரே பிள்ளை சேகரைப் படிக்கவைத்து வாத்தியாராக்கின மனுஷி. அவன் பாஸ் பண்ணின சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட என் கடைக்குத்தான் எடுத்து வந்தது.

"ஒரிஜினலைக் கண்ணாடிக்குள்ள போடாதக்கா, இண்டர்வியூக்குக் கேப்பாங்க" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது பாய். எம்புள்ள பாஸ் பண்ணினது நாலு பேருக்குத் தெரியணும்."

பின்பலகைக்கு ஆணி அடிக்காமல் திருகு வைத்துக் கொடுத்தேன். சேகருக்கு இண்டர்வியூ வரும்போதெல்லாம் அக்கா சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரும், நான் திருகைக் கழற்றி எடுத்துக் கொடுப்பேன், முடிந்ததும் திரும்ப மாட்டுவேன். கண்ணாடியில் கை படாமல் ஓரத்தை மட்டும் விரலால் பிடிக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வேலை கிடைத்த முதல் மாசம் சேகர் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டான், முழுக்கை வைத்த ரெண்டு வெள்ளை ரவிக்கை தைத்துக் கொடுத்தான். அந்தப் பக்கம் கழனி வேலைக்குப் போகிற பொம்பளைகளில் அக்கா வயசில் ரவிக்கை போட்டது அக்கா ஒன்றுதான். கிண்டல் செய்தவர்களிடம், "எம்புள்ள வாத்தியாருடி, நான் இப்படித்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு நடக்கும்.

அக்காவை அந்த வெள்ளைக்காரப் படக்காரரிடம் கூட்டிப்போனது நான். வெள்ளை ரவிக்கை, மூக்குக்கண்ணாடி, தலையில் கனகாம்பரம். மடியில் சேகருடைய சர்ட்டிபிகேட் சட்டம். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே ஓரத்தை நுனிவிரலால் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. அவர் ஒரு முறைகூட வேணாம் சொல்லவில்லை. "நல்ல மரியாதி தெரிஞ்ச மனுசன் பாய்" என்று அக்கா எனக்கு மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்தது. எனக்கு நன்றி வேறு சொன்னது.

அவர் ஊருக்குப் போய்விட்டு அடுத்த மார்கழியில் திரும்பி வந்தபோது ஒரு கட்டு அட்டைகள் கொண்டுவந்தார். அவருடைய படங்களை அவர் நாட்டில் அச்சடித்து, தபாலில் அனுப்புகிற கார்டாகப் போட்டிருந்தார்கள். செங்கம் ரோட்டு டீக்கடைகளிலும் புத்தகக் கடைகளிலும் கயிறு கட்டி மாட்டினார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குக் கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய ஆர்டரே முடிந்தபாடில்லை.

தை மாசம் ஒரு காலையில் சேகர் வந்தான். ஒரு கார்டை என் கண்ணாடி வெட்டுகிற பலகைமேல் வைத்தான். பச்சையம்மாக்கா. மூக்கில் கண்ணாடி இல்லை, தலையில் பூ இல்லை, தோளில் ரவிக்கை இல்லை. கிழிந்த சேலையைச் சுற்றிக்கொண்டு தூரத்தில் எதையோ வெறித்துக்கொண்டிருந்தது. மடியில் ஒரு நசுங்கின அலுமினியத் தட்டு. அதை நுனிவிரலால் ஓரத்தில் மட்டும் பிடித்திருந்தது. தட்டை உலகத்தில் யாரும் அப்படிப் பிடிக்கமாட்டார்கள். கீழே இங்கிலீஷில், திருவண்ணாமலைப் பிச்சைக்காரி என்று அச்சாகியிருந்தது.

விஷயம் இதுதான். சேகரும் அவனோடு வேலை பார்க்கிற ஒரு டீச்சரும் ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், பெரியவர்களும் சம்மதித்து, பெண்ணின் தாய்மாமன் போளூரிலிருந்து வீடு பார்க்க வந்திருக்கிறார். ஆசிரமத்துப் பக்கம் டீ குடிக்க நின்ற இடத்தில் கயிற்றில் தொங்கின கார்டைப் பார்த்து, புதுசாக இருக்கிறதே என்று ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டிருக்கிறார். அடி அண்ணாமலைக்குப் போய் உட்கார்ந்ததும் காப்பி எடுத்துக்கொண்டு பச்சையம்மாக்கா வெளியே வந்திருக்கிறது.

"காப்பியைத் தொடல பாய்" என்றான் சேகர். "வெத்தலபாக்குத் தட்டுல இந்தக் கார்டை வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு. பிச்சை எடுத்த வூட்ல பொண்ணு குடுக்க மாட்டோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எங்கம்மா யார் கிட்டயும் ஒரு வாய்த் தண்ணி கேட்டதில்ல. ஒங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்டா" என்றேன்.

சேகரையும் கூட்டிக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போய்ப் படக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. நானே வந்து அந்த வீட்டில் பேசுகிறேன் என்றார். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சேகரை வாசலிலேயே விட்டுவிட்டு, நானும் அவரும் போளூர் பஸ் ஏறினோம். இந்த மனுஷனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று வழியெல்லாம் எனக்கு இருந்தது. கேட்கிற கேள்விக்கு ஒரே ஒரு 'இல்லை' சொன்னால் போதும், அந்தக் கல்யாணம் நடந்துவிடும்.

மாமன் மரியாதையாகவே உட்காரவைத்தார். பெண்ணும் கதவுக்குப் பின்னால் நின்றாள். பெண்ணின் தம்பி சுவரோரம் நின்றிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லச் சொல்லுங்க பாய். இந்தம்மா பிச்சை எடுத்தாங்களா, இல்லியா?"

நான் கேட்டேன். படக்காரர் இல்லை என்று சொல்லவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். பிச்சை கேவலம் என்று உங்களுக்கு யார் சொன்னது என்றார். உங்கள் கடவுளே ஓடு ஏந்தித் திரிந்தவர்தானே என்றார். அந்த அம்மாவைப் பார்த்ததுமே இந்த மலையடிவாரத்தின் ஏழ்மை முழுவதும் அந்த மடியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன், அவள் கையில் தட்டு இல்லாவிட்டாலும் அவள் ஏந்திக்கொண்டுதான் இருந்தாள் என்றார். அழுதுகொண்டே சொன்னார். ஒரு வார்த்தைகூடப் பொய்யாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

மாமன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லவே இல்லைன்றாரு" என்றேன். "அந்தம்மா கையில புள்ளயோட சர்ட்டிபிகேட்டைத்தான் வெச்சிருந்தாங்களாம். தட்டு இவரா வரைஞ்சதாம். மன்னிச்சிக்கச் சொல்றாரு."

நான் சொன்னதுதான் சத்தியம். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. சுவரோரம் நின்ற தம்பி வேலூரில் காலேஜ் படிக்கிறவன் என்பது எனக்குத் தெரியாது.

"மாமா, அவரு அப்படிச் சொல்லல" என்றான். "அந்தம்மா ஏந்திக்கிட்டுத்தான் இருந்தாங்கன்னு சொல்றாரு. பாய் மாத்திச் சொல்றாரு."

மாமன் கோபப்படக்கூட இல்லை. "ஏன் பாய், ஒங்கள நம்பித்தானே கேட்டேன்" என்றார். உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். பின்பலகைத் திருகைப் பற்றிக்கூடச் சொன்னேன். ஒரு முறை பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் பேச்சு எங்கே எடுபடும்?

திரும்புகிற பஸ்ஸில் படக்காரர், எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டார். எனக்கு அவரைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு நரிக்குறவப் பெண் வந்து உட்கார்ந்தாள். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தார். பங்குனியில் அறையைக் காலி செய்துகொண்டு வடக்கே எங்கேயோ போனார். கார்டுகளை அவரே எல்லாக் கடையிலிருந்தும் எடுத்துவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவர் எங்கள் ஊருக்கு வரவில்லை. உயிரோடு இருந்தால் இப்போது நூறை நெருங்கியிருப்பார்.

அந்தப் பெண் மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள், வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பச்சையம்மாக்கா டவுனுக்கு வருவதை நிறுத்திவிட்டது. நாலைந்து மாசம் கழித்து மனசு கேட்காமல் நானே அடி அண்ணாமலைக்குப் போனேன். அக்கா வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளை ரவிக்கை போட்டிருந்தது.

"பௌர்ணமிக்குக் கூடை போடறதில்லியாக்கா?"

"எங்க பாய் போடறது. கூடையை முன்னாடி வெச்சுக்கினு உக்காந்தா, சுத்தி வர்றவன் சில்லறையைப் போட்டுட்டுப் போயிடுவானோன்னு பயமா கீது."

அக்கா உடைத்த பருப்பை ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டியது.

"ஒண்ணு கேக்கறேன் பாய். அந்தாளு என்ன முன்ன பின்ன பாத்ததே இல்ல. இந்த ஊர்ல எத்தினி பொம்பளைங்க இருக்காங்க. எதுக்கு என்னக் கூட்டியாரச் சொன்னாரு?"

"ஒங்க முகம் லட்சணமா இருக்குதுன்னு நான்தான் சொன்னேன்கா" என்றேன்.

அக்கா அதை நம்பியது. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தது. செத்துப்போகிற வரைக்கும் அப்படித்தான் நம்பியிருக்கும்.

இதை நான் என் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. கோபுர வாசல் பிச்சைக்காரிகள் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள், பிச்சைக்காரி மாதிரி இருக்கிற ஒருத்தி உனக்குத் தெரியுமா என்று அன்றைக்குப் படக்காரர் என்னிடம் கேட்டார். கையிலிருந்த சுத்தியலைக்கூடக் கீழே வைக்காமல், பச்சையம்மாக்கா இருக்கிறது என்று நான் சொன்னேன்.